பூட்டு சாவி சின்னம்

ஒத்தவாடைக் குப்பம், திருவொற்றியூர்
9 ஜனவரி 2022

அன்புள்ள மாமாவுக்கு,

பவானி எழுதறேன். நானும் ஹரிணியும் நல்லா இருக்கோம். உன் இருமல் நின்னுச்சா? குளுருக்கு அந்தக் கம்பளியப் போத்திக்கறியா, இல்ல வழக்கம்போல யாருக்காச்சும் குடுத்துட்டியா?

மறுபடியும் நோய் பரவுதுன்னு மனு போட்டுப் பாக்கறத நிறுத்திட்டாங்களாம். அது தெரியாம செவ்வாக்கிழம புழல் ஜெயில் வரைக்கும் வந்து, கேட்டுல ஒட்டியிருந்த நோட்டீஸப் படிச்சிட்டுத் திரும்பிட்டேன். போன்ல நீ பேசற கொஞ்ச நேரமும் "சாப்டியா, தூங்கினியா"ன்னே போயிடுது. உன் பின்னாடி நிக்கறவன் வேற கத்தறான். அதான் லெட்டர்.

ஒரு சமாச்சாரம். கார்ப்பரேஷன் எலெக்ஷன் வருது. நம்ம வார்டு பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. நேத்து குழாயடில சொக்கம்மா அக்கா ஆரம்பிச்சா. "ரெண்டு கட்சியும் அவனவன் பொண்டாட்டிய நிக்க வெக்கறான். நம்ம தெருவுலேர்ந்து பவானி சுயேச்சையா நிக்கட்டும்"னா. நான் சிரிச்சேன். யாரும் சிரிக்கல. "குடோன்காரன் வாய்க்கா மேல செவுரு கட்டினப்ப எவன் கேட்டான்? பெட்டிஷன் குடுத்துக் குடுத்து கை ஓஞ்சு போச்சு. அன்னிக்கு மழையில திருமுருகன் கடப்பாரையத் தூக்கலன்னா பாதி வூடு மெதந்திருக்கும். அவன் உள்ள கீறான், அவன் பொண்டாட்டிக்கு நாம ஓட்டுகூட போடக்கூடாதா?"ன்னு கேட்டா.

எனக்கு அழுகை வந்துடுச்சு. அந்தச் செவுரு இடிஞ்சு தண்ணி போனதத்தான் எல்லாரும் பேசறாங்க. அது வாச்மேன் சவரிமுத்து அண்ணன் மேல சாஞ்சதப் பத்தி யாரும் பேசல. நாலு பேரு சேந்து இடிச்சீங்க, "நான் ஒருத்தன்தான்"னு போலீஸாண்ட நீ போய் நின்ன. அதையும் பேசல.

நீ போன்ல கேட்டியே, அண்ணன் ஆஸ்பத்திரியிலதான் இருக்காரு. இன்னும் கண்ணத் தொறக்கல.

நிக்கட்டுமா மாமா? நிக்காதன்னு நீ சொன்னாலும் யோசிப்பேன். ஆனா எழுது.

உடம்பப் பாத்துக்கோ.
உன் பவானி


புழல்
17 ஜனவரி 2022

அன்பு பவானிக்கு,

மாமா எழுதிக்கிறது. நான் நல்லா கீறேன். இருமல் போயிடுச்சி. கம்பளி எங்கிட்டதான் கீது, சத்தியமா. ஹரிணி படிக்கிறாளா? பொங்கலுக்கு எதுனா துணி எடுத்தியா?

உன் லெட்டர பிளாக்கே படிச்சிட்டாங்க. எண்ணூர்க்காரன் ஒருத்தன் பக்கத்துல கீறான், பேரு பிரகாஷ். "இன்னா மாமு, இனிமே உன்ன கவுன்சிலரு புருஷன்னு கூப்டணுமா"ன்னு காலீலேர்ந்து பேஜாரு பண்ணிக்கினு கீறான். நில்லு மே. இன்னாத்துக்கு எங்கிட்ட கேக்கற? என்னிக்கு என் பேச்சக் கேட்ட?

ஆனா ஒன்னு. கவுன்சிலரு கைல இன்னா கீதோ அத்த மட்டும் சொல்லு. கெமிக்கல் கம்பெனிய மூடறேன்னு சொல்லாத, அது உன்னால ஆவாது. ராத்திரில கேஸு நாத்தம் வந்தா ஆபீசர தூக்கத்துலேர்ந்து எழுப்பி இஸ்துகினு வருவேன்னு சொல்லு, அது ஆவும். கண்டெய்னர் லாரிய நிறுத்தறேன்னு சொல்லாத. ஸ்கூல் வுடற நேரத்துல நம்ம ரோட்ல வரக்கூடாதுன்னு தீர்மானம் கொண்டாருவேன்னு சொல்லு. கடலோரம் பொம்பளைங்களுக்கு கக்கூஸு. சாக்கடை வேலைன்னு தோண்டிட்டு மூடி போடாம போறானே, அது. தண்ணி லாரி எத்தினி மணிக்கு வருதுன்னு ஒரு போர்டு. இதெல்லாம் சின்னதா தெரியும், ஆனா இதுக்குத்தான் ஜனம் நாய் மாதிரி அலையுது.

செவுத்து மேட்டர மட்டும் கடைசியா வெய்யி. அத்த மொதல்ல சொன்னா நான் பண்ணதுக்கு வக்காலத்து வாங்கற மாதிரி கீது.

சவரிமுத்து அண்ணன் கண்ணத் தொறந்தாரா? ஆஸ்பத்திரிக்கு ஒரு தபா நேர்ல போய் பாத்துட்டு எழுது. அது தெரியாம சோறு எறங்கல.

உன் மாமா,
திருமுருகன்


ஒத்தவாடைக் குப்பம்
8 பிப்ரவரி 2022

அன்புள்ள மாமாவுக்கு,

பவானி வணக்கத்தோட எழுதறேன். ஹரிணிக்கு லேசா சளி, மத்தபடி எல்லாரும் சௌக்கியம். நீ எப்படி இருக்க? பதில் எழுத லேட்டாயிடுச்சு, கோச்சிக்காத.

மனுத் தாக்கல் பண்ணிட்டேன். கம்பெனில லீவு தரமாட்டேன்னான், வேலைய வுட்டுட்டேன். தைக்கற வேலை எங்கயும் கெடைக்கும். சின்னத்துக்கு நான் குடம் கேட்டேன், குலுக்கல்ல பூட்டு சாவி வந்துச்சு. புருஷன் ஜெயில்ல, பொண்டாட்டிக்கு பூட்டு சாவின்னு ஆபீஸ்லயே ஒருத்தன் சிரிச்சான். நானும் சிரிச்சிட்டேன், வேற இன்னா பண்றது. இப்ப எங்க போனாலும் "பூட்டத் தொறக்க சாவிக்கே ஓட்டுப் போடுங்க"ன்னு சொக்கம்மா அக்கா கத்தறா. அவளுக்குத் தொண்ட போயி தவளை மாதிரி கீது.

நீ சொன்னதெல்லாம் நோட்டீஸ்ல போட்டுட்டேன். லாரி, மூடி, கக்கூஸு, தண்ணி போர்டு எல்லாம். காலடிப்பேட்டை பக்கம் ஒரு வாத்தியார் அம்மா முழுசா படிச்சிட்டு, "எல்லாம் செய்யக்கூடியதா எழுதியிருக்கியே, உனக்கு யார் ஓட்டுப் போடுவா"ன்னு கேட்டாங்க. வேண்டிக்கிறேன்னாங்க.

ஒண்ணுல மட்டும் உன் பேச்சக் கேக்கல. குடோன்காரன் செவுத்த மறுபடியும் கட்டிட்டான், அதனால வாய்க்காவத்தான் மொதல்ல போட்டேன். "குடோன் சுவரில் அடைபட்ட மழைநீர் வாய்க்காலை மாநகராட்சித் தீர்மானம் மூலம் சட்டப்படி திறக்கப் பாடுபடுவேன்." அத கடைசியில போட்டா, நீ ஏதோ வெக்கப்படற காரியம் பண்ண மாதிரி ஆயிடும். எனக்கு வெக்கமா இல்ல.

கொட்டு அடிக்கறவங்க வாசல்ல நிக்கறாங்க. அப்பறம் எழுதறேன். வேளைக்கு சாப்பிடு.

உன் பவானி


புழல்
10 பிப்ரவரி 2022

பவானிக்கு,

நான் கீறேன். நீங்க ரெண்டு பேரும் சொகமா கீறீங்கன்னு நெனைக்கிறேன்.

இன்னிக்கு ஜெயில்லேர்ந்தே டீவில ஜட்ஜம்மா முன்னாடி நிக்க வெச்சாங்க. வழக்கம்போல தேதி மாத்துவாங்கன்னு நின்னேன். செக்ஷன் மாத்திட்டோம்னாங்க. இன்னாத்துக்குன்னு கேட்டேன். காயம்பட்டவரு எறந்துட்டாரு, உனக்குத் தெரியாதான்னு கேட்டாங்க.

ஜனவரி மாசமே எறந்துட்டாராமே.

நீ சொல்லல.

நோட்டீஸ் பத்தி எழுதின, சின்னத்தப் பத்தி எழுதின. நான் அவரப் பத்திக் கேட்டதுக்கு மட்டும் பதில் இல்ல. கொட்டு அடிக்கறவங்க வந்துட்டாங்கன்னு முடிச்சிட்ட. நானும் மறந்துட்டாப்ல கீதுன்னு நெனச்சேன்.

எடுக்கும்போது போனியா? என் வூட்லேர்ந்து ஒருத்தராச்சும் அங்க நின்னாங்களா? அத்த மட்டும் எழுது.

திருமுருகன்


ஒத்தவாடைக் குப்பம்
13 பிப்ரவரி 2022

மாமாவுக்கு,

நீ நல்லா இருக்கணும்னு தெனம் கும்பிடறேன். இந்த லெட்டர தபால்ல போடல. நம்ம வக்கீல் சௌக்கத் அலி சார் கையில குடுத்து அனுப்பறேன். தபால்ல வந்தா ஜெயில்காரங்க படிப்பாங்க. இது நீ மட்டும் படிக்க வேண்டியது. படிச்சிட்டு அவர்கிட்டயே திருப்பிக் குடுத்துடு.

சொல்லாதது தப்புதான். சவரிமுத்து அண்ணன் போன அன்னிக்கு பேனாவ எடுத்தேன், எழுத வரல. அந்த எடத்துல நீ தனியா ஒக்காந்து இதப் படிக்கறத நெனச்சிப் பாத்தேன். அடுத்த லெட்டர்ல எழுதலாம்னு தள்ளிக்கினே போனேன். எடுக்கறப்ப போனேன் மாமா. காசிமேடு கல்லறைக்குப் போய் வெளிய செவுத்தாண்ட நின்னேன். அண்ணனோட தம்பி வந்து, "நீ எதுக்கு வந்த, போயிடு"ன்னாரு. மண்ணு போட்டு முடியற வரைக்கும் போவல. தள்ளி நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்.

இப்ப கேளு.

நேத்து சவரிமுத்து அண்ணன் வூட்டு வரிசைல ஓட்டுக் கேட்டுப் போனோம். நாலு வூடு முன்னாடியே கொட்ட நிறுத்திட்டாங்க. "அந்த வூட்டத் தாண்டிப் போயிடலாம்டி"ன்னா சொக்கம்மா. எல்லா வூட்டுக்கும் போயிட்டு அவங்க வூட்ட மட்டும் வுட்டா அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அங்க நடப்பேன்? தனியா போனேன். திட்டுவாங்க, வாங்கிக்கலாம்னு போனேன்.

வியாகுலம்மா அக்கா கதவத் தொறந்து உள்ள இழுத்து மறுபடியும் சாத்திட்டாங்க. அண்ணன் போட்டோ முன்னாடி மெழுகுவர்த்தி எரிஞ்சுது. என் கையில இருந்த நோட்டீஸ வாங்கி மொத வரியப் படிச்சாங்க. வாய்க்கா பத்தின வரி.

"அன்னிக்குக் காலீல நடந்தது பத்தி உன் வூட்டுக்காரன் எதுனா சொன்னானா?"ன்னு கேட்டாங்க.

"நான்தான் இடிச்சேன்னாரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலக்கா."

"போலீஸ்லயும் சொல்லலியா? வக்கீல்கிட்ட?"

"எத சொல்லணும்?"

அக்கா அப்பிடியே தரையில ஒக்காந்துட்டாங்க. "அவன் சொல்லவே இல்லியா"ன்னு முந்தானைய வாயில வெச்சிக்கினு அழுதாங்க. அப்பறம் சொன்னாங்க. சவரிமுத்து அண்ணனே தான் வரச் சொன்னாராமே உன்ன. கேட்டத் தொறந்து வுட்டதும் அவருதானாம். அவங்க வூட்லயும் இடுப்பளவு தண்ணியாம். எந்த எடத்துல இடிச்சா தண்ணி நேரா வாய்க்கால்ல எறங்கும்னு காட்டினதும் அவராம்.

"இத சொன்னா வாச்மேனே ஆள உள்ள வுட்டான்னு எழுதிடுவாங்க. பொண்ணு ஜெசிந்தாவுக்கு ஆபீஸ்ல வேலை தர்றோம்னு குடோன்காரங்க சொல்லியிருக்காங்க. அதுவும் போயிடும். அவள வெச்சிக்கினு நான் எங்க போவேன்?"னு என் ரெண்டு கையையும் புடிச்சிக்கினாங்க. கைய உருவிக்கினு வெளிய வந்துட்டேன்.

நெஜமா மாமா? நெஜம்னா எனக்கு ஏன் சொல்லல? இத ஜட்ஜு முன்னாடி சொன்னா உன் கேஸ் இந்த மாதிரியா இருக்கும்? கடைசி நாள் மைக்கு எடுத்து இத ஒரு வார்த்த சொன்னா, கொலகாரன் பொண்டாட்டின்னு என்னப் பாத்துக் கத்தறவன் வாய மூடிடுவான். சொல்லட்டுமா?

பவானி


புழல்
15 பிப்ரவரி 2022

என் பவானிக்கு,

நான் நல்லா கீறேன். போன லெட்டர்ல கீழ உன் மாமான்னு போடாம பேரு மட்டும் எழுதினேன், கோவத்துல எழுதிட்டேன். மனசுல வெச்சிக்காத. கல்லறைல நீ நின்னது போதும் எனக்கு.

நெஜந்தான். வக்கீல் சார் எதிர்ல ஒக்காந்துகினு கீறாரு, அவருக்கும் காட்டாமத்தான் எழுதறேன். மடிச்சி ஒட்டிக் குடுக்கறேன்.

மழை வுடாம கொட்டிச்சே, அன்னிக்கு வெடிகாலீல அண்ணன் நம்ம வூட்டாண்ட வந்தாரு. தண்ணி ஏறுதுன்னு நீ ஹரிணியத் தூக்கிகினு ஸ்கூல்ல தங்கப் போயிட்ட. "பசங்கள இஸ்துகினு வாடா, நான் கேட்டத் தொறக்கறேன்"னாரு. "உன் வேல போயிடும்ணா"ன்னேன். "வேல போனா வேற குடோன் கீது, நீ வா"ன்னாரு. எடத்தக் காட்டினாரு. நாலு போடு போட்டோம். உள்ள மோட்டார் ரூம்ல கரண்டு கீது, தண்ணி பாஞ்சா ஷாக் அடிக்கும், நான் போய் ஆஃப் பண்ணிட்டு வர்றேன்னு அந்தாண்ட போனாரு. நாங்க கைய நிறுத்திட்டுத்தான் நின்னோம் பவானி. அவரு திரும்பி வர்றதுக்குள்ள தண்ணியே தள்ளிடுச்சி. ஒரே சத்தம். அவ்ளோதான்.

கரண்ட அமத்திட்டுத்தான் வந்தாரு. அதனாலதான் நாங்க நாலு பேரும் உசுரோட கீறோம்.

இப்ப நான் போய், அவருதான் கூப்ட்டாருன்னு சொல்லவா? செத்தவரு வந்து இல்லன்னா சொல்லப் போறாரு? அவரு பொண்ணு வேலைக்குப் போவணும். மைக்குல சொல்லாத. சௌக்கத் சாருக்கும் சொல்லாத. என் மேல ஆணை. நோட்டீஸ்ல இன்னா போட்டியோ அத்த மட்டும் பேசு.

உன் மாமா


ஒத்தவாடைக் குப்பம்
23 பிப்ரவரி 2022

மாமாவுக்கு,

நாங்க இருக்கோம். நீ எப்படி இருக்க?

நேத்து எண்ணி முடிச்சிட்டாங்க. மூணாவது எடம். டெபாசிட்டும் போச்சு. கடைசி நாளு வரைக்கும் நம்ம தெருவுல எல்லாரும் "உனக்குத்தான் பவானி"ன்னாங்க. யார் போட்டாங்க, யார் போடலன்னு இப்ப மூஞ்சியப் பாத்துக் கண்டுபுடிக்கிற புத்தி வந்துடுச்சு எனக்கு. அது வேணாம்னு வூட்லயே ஒக்காந்திருக்கேன்.

கடைசி நாள் சாயங்காலம் ஷேர் ஆட்டோல மைக்கு கட்டி முக்குல நின்னு பேசினேன். லாரி பத்தி, மூடி பத்திப் பேசறப்ப நல்லாத்தான் கேட்டாங்க. வாய்க்கான்னு ஆரம்பிச்சதும் கட்சிப் பசங்க நாலஞ்சு பேரு பைக்க நிறுத்திட்டு, "கொலகாரன் பொண்டாட்டிக்கு கவுன்சிலர் சீட்டா"ன்னு கத்தினாங்க. திருப்பித் திருப்பி கத்தினாங்க. ஹரிணி என் பக்கத்துல நின்னா. எதிர்ல பொட்டிக்கடையாண்ட வியாகுலம்மா அக்கா நின்னாங்க. என்னத்தான் பாத்தாங்க. நான் வாயத் தொறக்கறப்ப அவங்க கண்ண மூடிக்கினாங்க மாமா. அடி விழப்போவுதுன்னு கொழந்த மூடுமே, அந்த மாதிரி.

"அந்தச் செவுரு அங்க இருக்கக்கூடாது. இருந்தா அடுத்த மழையிலயும் ஒரு உசுரு போவும். அத கடப்பாரை இல்லாம, கார்ப்பரேஷன் சட்டத்த வெச்சி எடுக்கணும். அதுக்குத்தான் நிக்கறேன்"னேன். அதோட மைக்கக் குடுத்துட்டேன்.

உன் பேச்சக் காப்பாத்திட்டேன். சந்தோஷமா?

ஹரிணி ராத்திரி கேட்டா, "அப்பா கொலகாரரா?"ன்னு. இல்லன்னேன். "அப்ப ஏன்மா நீ அவங்கள ஒண்ணும் கேக்கல?"ன்னா. அதுக்கு நான் இன்னா சொல்றதுன்னு நீயே எழுது.

பவானி


ஒத்தவாடைக் குப்பம்
5 ஏப்ரல் 2022

மாமாவுக்கு,

சொகமான்னு கேக்க வாய் வரல. வெயில் ஏறிடுச்சு, தண்ணி நெறையா குடி. மனு மறுபடியும் வுடறாங்க, ஆனா அந்தக் கம்பி வலைக்கு ரெண்டு பக்கமும் எல்லாரும் கத்தறதுல நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா இல்லியான்னே தெரியல. நீ தலைய மட்டும் ஆட்டின. அதான் மறுபடியும் சார் கையில குடுத்து அனுப்பறேன்.

போன மாசம் சார் போட்ட உன் ஜாமீன் ஏன் தள்ளுபடி ஆச்சுன்னு தெரியுமா? எறந்தவர் குடும்பம் ஆட்சேபனை சொல்லுதுன்னு ஒரு பேப்பர் தாக்கல் பண்ணியிருந்தாங்க. நீ வெளிய வந்தா சாட்சிய மெரட்டுவியாம். கீழ வியாகுலம்மா அக்கா கையெழுத்து.

கோர்ட்ல பின்னாடி பெஞ்சுல ஒக்காந்துகினு நான் அதக் கேட்டேன். குடோன்காரன் வக்கீல் நீட்டியிருப்பான், அவங்க போட்டிருப்பாங்கன்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சி இன்னா ஆவப் போவுது? என் கையப் புடிச்சிக்கினு அழுத கை தானே போட்டுது. அந்தக் கையப் பாத்துத்தானே நான் மைக்கக் குடுத்தேன்.

ஜெசிந்தா வேலைக்குப் போயிட்டா. நல்லா இருக்கட்டும். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா.

ஜெயிச்ச கவுன்சிலரம்மாவப் போய்ப் பாத்தேன், என் நோட்டீஸயே கையில குடுத்தேன். "இதுல எத வேணா நீங்க செஞ்ச மாதிரி செய்யுங்க, வாய்க்காவ மட்டும் மொதல்ல செய்யுங்க"ன்னேன். பாக்கறேன்னாங்க.

மாமா, இதுக்கு மேல என்னால முடியல. உன் ஆணையத் திருப்பி எடுத்துக்கோ. நான் சௌக்கத் சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். பதில் போடு.

பவானி


புழல்
22 மே 2022

அன்பு பவானிக்கு,

மாமா எழுதிக்கிறது. நீயும் ஹரிணியும் நல்லா கீறீங்களா? மீன்புடி தடைக்காலம் முடியப் போவுது, காசிமேட்டுல லாஞ்சுக்கெல்லாம் பெயிண்டு அடிச்சிக்கினு இருப்பாங்க. இங்க காத்து அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தா மூக்கத் தூக்கிப் பாக்கறேன்.

பதில் எழுத இத்தினி நாளாச்சு. பேப்பர் இல்லாம இல்ல. ஆணையத் திருப்பி எடுத்துக்க மனசு வரல.

போன வாய்தாவுக்கு கோர்ட்டுக்கே இஸ்துகினு போனாங்க. வராண்டால வியாகுலம்மா அக்காவும் ஜெசிந்தாவும் ஒக்காந்திருந்தாங்க. குடோன்காரன் வக்கீல் எதையோ சொல்லிக் குடுத்துக்கினு இருந்தான். பொண்ணு கழுத்துல கம்பெனி கார்டு தொங்குது. அண்ணன் ஜாடை அப்பிடியே. அக்கா என்னப் பாத்துட்டு கைய வாயாண்ட கொண்டுபோயி, சாப்டியான்னு கேட்டாங்க. யாரும் பாக்கறதுக்குள்ள கைய எறக்கிட்டாங்க. சாப்டேன்னு தலைய ஆட்டினேன்.

அவங்கதான் மொத சாட்சியாம். சௌக்கத் சார் சொன்னாரு, "கூண்டுல ஏத்தி நல்லா கேப்பேன். உங்க வூட்டுக்காரர் அன்னிக்குக் குடிச்சிருந்தாரா, டூட்டில தூங்கினாரான்னு கேப்பேன்"னு. அவரு தொழில் அது. நம்ம பக்கந்தான் பேசறாரு. ஆனா அண்ணன் ஒரு சொட்டு குடிக்க மாட்டாரு.

அந்தம்மாவ அங்க நிக்க வெக்கக்கூடாது பவானி. நீ சொன்னாலும் நிக்க வெப்பாங்க, சொல்லலன்னாலும் நிக்க வெப்பாங்க. இதுக்கு வேற எதுனா வழி கீதான்னு யோசிச்சிக்கினு கீறேன்.

ஹரிணிக்கு இப்படிச் சொல்லு. அப்பா கூட ஒருத்தர் இருந்தாரு, நல்லவரு, அவரு பேரு கெடக்கூடாதுன்னு அம்மா சும்மா இருந்தான்னு சொல்லு. பெரியவளானா புரியும். இப்ப புரியாது.

கோவமா இரு, பரவாயில்ல. ஆனா சாப்புடு.

உன் மாமா


ஒத்தவாடைக் குப்பம்
10 ஜூலை 2022, ஞாயிறு

என் மாமாவுக்கு,

எப்படி இருக்க? நான் நல்லா இருக்கேன்! எழுதி ரொம்ப நாளாச்சு இந்த வார்த்தைய. ஹரிணியும் நல்லா இருக்கா.

மொதல்ல வாய்க்கா. தீர்மானம் போட்டுட்டாங்க. நாங்க பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க வாரா வாரம் மண்டல ஆபீஸ் வாசல்ல போய் ஒக்காந்தோம். தொல்லை தாங்காம இஞ்சினியர் வந்து அளந்து, செவுத்துல பெயிண்டால கோடு போட்டுட்டுப் போனாரு. மழைக்கு முன்னாடி அந்த எடம் தொறந்துடும். கவுன்சிலரம்மா தான் செஞ்சதா பேனர் வெச்சிருக்காங்க. வெச்சிக்கட்டும்.

அது பெருசில்ல. நேத்து சாயங்காலம் வியாகுலம்மா அக்கா நம்ம வூட்டுக்கு வந்தாங்க. ஜெசிந்தாவும் கூட வந்தா. நான் வான்னுகூட சொல்லல. அடுப்பாண்டயே நின்னேன்.

குடோன் வாசல்ல அண்ணன் போட்டோவ வெச்சி போர்டு மாட்டியிருக்காங்களாம். "நிறுவனச் சொத்தைக் காக்க உயிர் நீத்தவர்"னு. ஜெசிந்தா தெனம் அதத் தாண்டித்தான் ஆபீஸ் உள்ள போவணும். அக்கா சொன்னாங்க: "அந்தாளு செவுத்தக் காவல் காத்தா செத்தாரு? உன் புள்ள, என் புள்ள தண்ணில நிக்கக்கூடாதுன்னு செத்தாரு. அவர நான் பொய்யனாக்கிட்டேன் பவானி. உன் புருஷன உள்ள தள்ளிட்டேன்."

ஜெசிந்தாதான் கழுத்துலேர்ந்து கார்டக் கழட்டி எங்கிட்ட காட்டினா. "வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்க்கா. அம்மா கோர்ட்ல எல்லாத்தையும் சொல்வாங்க. அப்பா கூப்ட்டதுலேர்ந்து சொல்வாங்க"ன்னா.

மாமா, நான் வேணாம்னு சொல்லல. உனக்குக் கோவம் வரும். நீ ஆணை வெச்ச, நான் காப்பாத்தினேன், இன்னிக்கு வரைக்கும் என் வாயால ஒருத்தர்கிட்ட சொல்லல. இப்ப அவங்களே வந்து சொல்றாங்க. "வாங்கக்கா, வந்து சொல்லுங்க"ன்னு கட்டிப்புடிச்சிக்கினேன். மூணு பேரும் அழுதோம். ஊருக்கெல்லாம் எத்தனையோ கேட்டேன், எனக்குன்னு இது ஒண்ணு.

சௌக்கத் சார் பக்ரீத்துக்கு ஊருக்குப் போயிருக்காரு. அக்காவே போன்ல சொன்னதும், "அல்லா, இது போதும்மா, திருமுருகன வெளிய கொண்டாந்துடலாம்"னாரு. நாளைக்கு இருக்கற வாய்தா சும்மா தேதி மாத்தறதுதானாம், ஜூனியர் பாத்துப்பாராம். செவ்வாக்கிழம காலீல சாரே உன்னப் பாக்க வர்றாரு. இந்த லெட்டர அவருதான் குடுப்பாரு. படிச்சதும் அழாத.

உன் படுக்கைய வெயில்ல காய வெச்சிட்டேன்.

உன் பவானி


புழல்
11 ஜூலை 2022, திங்கள்

என் பவானிக்கு,

மாமா எழுதிக்கிறது. நல்லா கீறேன். நெஜமாவே இன்னிக்குத்தான் நல்லா கீறேன். நீயும் ஹரிணியும் சொகமா இருக்கணும்.

கோவப்படாம படி. இன்னிக்கு வாய்தாவுக்கு இஸ்துகினு போனாங்க. தேதி மாத்துவாங்கன்னுதான் ஜூனியர் பையனும் நெனச்சான். ஜட்ஜம்மா குற்றப்பத்திரிகையப் படிச்சிக் காட்டி, ஒத்துக்கிறியா, கேஸ் நடத்தப் போறியான்னு கேட்டாங்க. நான் ஒத்துக்கறேன்னேன். யோசிச்சி சொல்லுப்பான்னாங்க. ஜூனியர் என் சட்டையப் புடிச்சி இஸ்தான். யோசிச்சிட்டேம்மா, நான்தான் இடிச்சேன், சாட்சி யாரையும் கூப்பிட வேணாம்னேன். மத்தியானம் தீர்ப்பு சொல்லிட்டாங்க. அஞ்சு வருசம். இதுவரைக்கும் இருந்ததக் கழிச்சிப்பாங்களாம்.

உன்கிட்ட கேட்டா நீ வுடமாட்ட, சௌக்கத் சாரும் வுடமாட்டாரு. அதான் கேக்கல. அவரு ஊர்லேர்ந்து வந்தா திட்டுவாரு, நீ சமாதானம் பண்ணு. இனிமே அந்தம்மாவ யாரும் கூண்டுல ஏத்த முடியாது. அண்ணன் குடிச்சிருந்தாரான்னு எவனும் கேக்க முடியாது. அந்தப் பொண்ணு வேலையும் நிக்கும். நாம போட்ட கணக்குல இதுக்கு மேல நல்ல வழி இல்ல மே.

அடுத்த கார்ப்பரேஷன் எலெக்சன் வர்றதுக்குள்ள வெளிய வந்துடுவேன்னு பிரகாஷ் சொல்றான். நீ திரும்ப நிக்கணும். இந்த வாட்டி மைக்க நான் புடிக்கிறேன். லாரி மேட்டர விட்டுடாத.

எனக்காக ஒன்னு பண்ணு. வியாகுலம்மா அக்கா வூட்டுக்கு நீயே போ. கோவத்தோட போவாத. கேஸ் முடிஞ்சிடுச்சி, இனிமே உங்கள யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க, தைரியமா தூங்குங்கன்னு நான் சொன்னதா சொல்லிட்டு வா.

உன் மாமா,
திருமுருகன்